தீவிலை ஐந்து நாள்: குடுத்த காசுக்குப் பெறுமதியோ?



சென்ற இதழில் கார் காப்புறுதியில் காசு மிச்சம் பிடிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு அக்கா கரம் டவுன்ஸ் கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எப்ப பாத்தாலும் செலவைக் குறைக்கிறதைப் பற்றித்தான் எழுதுறீர். செலவழிக்கிறதைப் பற்றியும் ஒருக்கா எழுதுமன். என்ரை மோள் ஏதோ தீவு ரிசோட்டுக்குப் போவமெண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறாள். அது குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ?" என்று கேட்டார். பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் முந்திக்கொண்டு, "கடலாலை வந்து சேர்ந்தது காணாதெண்டு இனிக் காசு குடுத்துக் கடல் பாக்கப் போறியளோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நேரம் என் சட்டைப் பைக்குள் போனில் பிஜிக்கான ரிக்கெற் இருந்தது. அதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் தொடங்கியதற்குக் காரணம் ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான். அங்கே மாசி மாதம் சனம் பனிக்குள் புதைந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து கியூபா, டொமினிக்கன் குடியரசு என்று மலிவான பொதிப் பயணங்கள் விற்பார்கள். நாலைந்து மணித்தியாலப் பறப்பு. இறங்கியவுடன் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டி இருந்தால் காலை தொடக்கம் இரவு வரை சாப்பாடு, குடிப்பு எதற்கும் காசு கேட்கமாட்டார்கள். எல்லாவற்றையும் முதலே வாங்கிக்கொள்ளும் இந்த முறை 1970களின் கடைசியிலும் 1980களிலும் ஜமேக்காப் பக்கத்தில் பெரிதாக வளர்ந்து, இப்போது கரீபியன் தீவுகள் முழுக்கப் பரவிவிட்டது. மச்சான் புன்ரா கானாவில் இருந்து இருபது படம் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நீலக் கடல், நீச்சல் குளம், வளைந்து வளைந்து வருகிற சறுக்கு. மச்சானின் வண்டியும் முன்னுக்கு நின்றது. எங்கள் சின்னவன் சறுக்கைப் பார்த்தான். மனைவி பார்த்தது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பார்த்தது அந்தக் கைப்பட்டியை. 2012ல் ஒரு தீவில் இறங்கியபோது எனக்கும் ஓர் இலக்கம் தந்தார்கள். படகின் மூன்று எழுத்தும் என்னுடைய எண்ணும். பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், எழுத்தையும் எண்ணையும்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பலருக்கு அந்த எண் இன்னும் பாடமாக இருக்கும். எங்களுக்குத் 'தீவு' என்றால் கிறிஸ்மஸ், கொக்கோஸ், நவுறு, மானுஸ். தீவுக்குக் காசு கட்டிப் போவது என்ற கதையே எனக்கு முதலில் பிடிபடவில்லை.

மெல்பேணில் இருக்கிற எங்களுக்குக் கரீபியன் சரிவராது. இரண்டு மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும், வந்து இறங்கியும் இரண்டு நாள் நித்திரை. கனடாக்காரருக்குக் கியூபா எப்படியோ, அப்படித்தான் எங்களுக்குப் பிஜி. ஐந்து, ஐந்தரை மணித்தியாலம். பிள்ளைகளின் வகுப்பில் பாதிப் பேர் போய் வந்திருக்கிறார்கள். மூத்தவள், "எல்லாரும் லீவிலை என்ன செய்தது எண்டு சொல்ல வேணும், நான் எப்பவும் வீட்டிலை நிண்டது எண்டுதான் சொல்லுறன்" என்றாள். அவளுக்கு வயது பத்து. அழுது அடம்பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சும்மாதான் சொன்னாள்.

சரி, கணக்குப் பார்ப்போம் என்று மேசையில் இருந்தேன். 2025 செப்ரெம்பர் பாடசாலை விடுமுறைக்கு, பெரிய தீவில் இருந்து படகில் போகிற சின்னத் தீவு ரிசோட் ஒன்றில் நாலு பேருக்கு ஐந்து இரவு, விமானம், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,800 டொலர் சொன்னார்கள். டண்டினோங் சவுத்தில் யன்னல் சட்டம் பூட்டுகிற எனக்கு வரி போகக் கிழமைக்கு 930 டொலர் அளவில் கையில் வருகிறது. அப்படியென்றால் எட்டுக் கிழமைக்கு மேல் நான் காலை ஐந்து மணிக்கு எழும்பிப் பூட்டிய யன்னல் எல்லாம் ஐந்து இரவில் போய்விடும். நான் எந்தச் செலவையும் இப்படித்தான் பார்ப்பேன், டொலராகப் பார்த்தால் அது வெறும் எண்தான்.

ஒரு விஷயம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு. நிரந்தர வேலையென்றால் சட்டப்படி வருஷத்துக்கு நாலு கிழமை சம்பளத்தோடு லீவு உண்டு. பல தொழிற்சாலைகளில் அந்த லீவுச் சம்பளத்துக்கு மேல் பதினேழரை வீதம் கூடவும் கிடைக்கும். கஷுவல் என்றால் லீவுச் சம்பளம் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் மணித்தியாலச் சம்பளத்தில் 25 வீதம் கூடத் தருகிறார்கள். ஆகவே கஷுவலில் இருக்கிறவர் ஒரு கிழமை தீவுக்குப் போனால், போன செலவு ஒன்று, வராத சம்பளம் இன்னொன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் 'மலிவு விற்பனை' என்று அமத்திவிடாதீர்கள். நான் ஆறு வருஷம் கஷுவலாக இருந்தவன், அந்த ஆறு வருஷமும் லீவு என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை.

7,800 என்ற எண்ணை மனைவிக்குக் காட்டினேன். அவள் கட்டாயம் வேண்டாம் என்பாள், நான் நல்லவனாகத் தப்பலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உந்தப் படத்திலை மச்சாள் என்ன செய்யிறா பாத்தனீங்களோ?" பார்த்தேன். மச்சாள் கதிரையில் சாய்ந்திருந்தா. "ஒண்டும் செய்யேல்லை" என்றேன். "அதுதான்" என்றாள்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். 2024 மார்கழியில் நாங்கள் அம்மாவைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தோம். அகதிப் பயணப் பத்திரத்தில் ஊருக்குப் போக ஏலாது. ஆகவே அம்மா முல்லைத்தீவில் இருந்து பலாலிக்கு வந்து சென்னைக்கு ஏறினா. நாங்கள் இங்கிருந்து போனோம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மாவைக் கண்டேன், அதைப் பற்றி எழுத இப்போது ஏலாது. வளசரவாக்கத்தில் மூன்று கிழமைக்கு வீடு வாடகைக்கு எடுத்தோம். அம்மா, தங்கச்சி குடும்பம், திருச்சியில் இருந்து மாமா ஆட்கள் என்று சில நாட்கள் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் சமைத்தது யார்? இங்கே இரவு சிவ்றில் சலாட் பொதி பண்ணுகிறவள் அங்கே போய் விடிய நாலு மணிக்கு இடியப்பம் பிழிந்தாள். நான் அம்மாவின் காலடியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தேன். "அது உங்கடை லீவு. நான் பிழை சொல்லேல்லை. ஆனா அது உங்கடை லீவு" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஆட்கள் லீவு என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. சிட்னியில் சித்தப்பா, லண்டனில் அக்கா, சென்னையில் அம்மா. ஆண்களுக்கு அது ஆறுதல். பெண்களுக்கு அது இன்னொருவர் வீட்டுக் குசினி. இதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

பிறகு இப்படிச் செய்தோம். ஒவ்வொருவருக்கும் அந்தத் தீவில் என்ன வேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதினோம். சின்னவனுக்குச் சறுக்கு. அது பிராங்ஸ்ரனில் இருக்கிறது, பார்க் நீச்சல் நிலையத்தில். வீட்டில் இருந்து காரில் சொற்ப நேரம், நுழைவுக்குச் சில டொலர். மூத்தவளுக்கு வகுப்பில் சொல்ல ஒரு கதை. அதற்குத் தீவுதான் வேண்டும் என்றில்லை, பிலிப் தீவில் பெங்குவின் பார்த்தாலும் கதைதான். (அதுவும் தீவுதான், ஆனால் பாலம் இருக்கிறது.) எனக்கு ஒன்றும் வேண்டாம். மனைவி எழுதியது: 'ஐஞ்சு நாள் நான் சமைக்கக் கூடாது. கட்டில் விரிக்கக் கூடாது. எழுப்பக் கூடாது.' இதை மட்டும் பிராங்ஸ்ரனில் வாங்க ஏலாது. ரோஸ்பட்டில் கூடாரம் அடித்தாலும் அங்கேயும் அடுப்பை மூட்டப்போவது அவள்தான். வீட்டில் நிற்கச் சொன்னால் ஒரு நாளும் சும்மா இருக்கமாட்டாள், ஐந்தாம் நாள் திரைச்சீலை எல்லாம் தோய்த்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு வேலையிடத்துப் பிஜிக்காரரின் நினைவு வந்தது. எங்கள் பக்கத்து மேசையில் கண்ணாடி வெட்டுகிறவர், அறுபது வயது. பெயர் கவுண்டர் என்று முடியும், ஆனால் தமிழ் தெரியாது, கதைப்பது பிஜி ஹிந்தி. 2000ம் ஆண்டு அங்கே ஆயுதக் குழு பாராளுமன்றத்துக்குள் புகுந்து, பிரதமர் மகேந்திர சௌத்ரியை 56 நாள் பிடித்து வைத்திருந்ததே, அந்தக் குழப்பத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவர். "நீ ஏன் சின்னத் தீவுக்குப் போகிறாய்? அங்கே போனால் சாப்பாட்டுக்கும் அவர்களிடம்தான் கையேந்த வேண்டும், வேறு கடை இல்லை. பெரிய தீவில் நில். பஸ் ஓடுகிற தெருவோரம் நில்" என்றார். மனைவிக்கு அது வேறு காரணத்துக்காகப் பிடித்துக்கொண்டது. "தீவெண்டால் வாறன். படகெண்டால் வரமாட்டன்" என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே படகில் வந்தவர்கள். அந்தப் பத்தொன்பது நாளில் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தவன்.

இப்படியாக, வித்தி லெவு என்ற பெரிய தீவின் தெற்குக் கரையில், பவளக் கரை என்று சொல்கிற பக்கத்தில், பழைய ஹொட்டேல் ஒன்றில் ஐந்து இரவு. விமானம், அறை, காலைச் சாப்பாடு சேர்த்து 4,900 டொலர். ஐந்து கிழமையும் கொஞ்சமும். இன்னும் பெரிய காசுதான், அதை நான் மறைக்கவில்லை. வெளிக்கிட முதல் இரண்டு தீர்மானம் எடுத்தோம். அம்மாவுக்கு அனுப்புகிற மாதக் காசு ஒரு சதமும் குறையக் கூடாது. கடன் அட்டையில் போகக் கூடாது. பதினான்கு மாதம் ஓவர்டைம் காசை வேறு கணக்கில் போட்டோம். இடையில் காருக்கு கியர்பொக்ஸ் போனபோது அதில் கைவைக்க வேண்டி வந்து, மூன்று மாதம் பின்னுக்குப் போனோம்.

பத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சனம் இதில்தான் தடக்குப்படுகிறது. 2023 மாசியில் அரசாங்கம் அறிவித்த பிறகு தற்காலிகப் பாதுகாப்பு வீசாவில் இருந்த எங்களில் பலருக்கு நிரந்தர வீசா கிடைத்தது. அதற்கு முன்னர் அனுமதி கேட்காமல் நாட்டை விட்டுப் போகவே ஏலாது. இப்போது போகலாம், திரும்பலாம். ஆனால் பயணப் பத்திரம் பாஸ்போட் அல்ல. பாஸ்போட்காரருக்கு வீசா தேவையில்லை என்று ஒரு நாடு சொன்னால் அது பயணப் பத்திரத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. அந்தந்த நாட்டுக் குடிவரவுப் பகுதியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு ரிக்கெற் எடுங்கள். விமானக் கொம்பனியிடமும் கேளுங்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு இந்தப் பத்திரத்தைத் தெரியாமல் இருக்கலாம். அதனால் மூன்று மணித்தியாலம் முந்திப் போங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து பத்து வயது முடிந்தால் சட்டப்படி அவுஸ்திரேலியக் குடிமக்கள் ஆகிவிடுகிறார்கள். எங்கள் நாலு பேரில் மூத்தவளிடம் மட்டும்தான் உண்மையான பாஸ்போட். வரிசையில் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் தலைவி மாதிரி நின்றாள்.

பிரிஜ்ஜிங் வீசா 'ஈ' யில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: வெளிக்கிடாதீர்கள். அந்த வீசாவோடு நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர வழியில்லை. அம்மா சாகக் கிடந்தாலும் அதுதான் நிலைமை.

எங்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் அப்படி ஒருவன். எங்கள் படகில் வந்த சிநேகிதன். ஒரே படகு, ஒரே இரவு, ஒரே காம்ப். விரைவு முறை என்று பெயர் வைத்த விசாரணையில் எனக்கு ஓம் என்றார்கள், அவனுக்கு இல்லை என்றார்கள். 2024ல் டொக்லன்ட்ஸில் குடிவரவு அலுவலக வாசலில் இரவு பகலாகச் சனம் இருந்ததே, வேலை முடிந்து அங்கேயும் போய் இருந்தான். ஊரில் அவனுக்குப் பதின்மூன்று வயது மகள், அவன் அவளைக் கையில் தூக்கியதில்லை. நான் ரிக்கெற் எடுத்த செய்தியை அவனுக்குச் சொல்ல இரண்டு கிழமை பிந்தினேன். சொன்னபோது, "விடிய நாலு மணிக்கோ? ஊபருக்குக் காசு குடாதை, நான் விடுறன்" என்றான். கரம் டவுன்ஸில் இருந்து ருல்லமரீன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பெட்டிகளை இறக்கித் தந்துவிட்டுப் புறப்பாடு என்று எழுதிய கதவு வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை. உள்ளே வர ஆருக்கும் தடையில்லை, என்றாலும் அவன் வரவில்லை.

இனிப் பிஜி. ஆங்கிலத்தில் நாடி என்று எழுதி நாண்டி என்று உச்சரிக்கிற ஊரில் இறங்கினோம். முதல் நாளே கோயிலுக்குப் போனோம். சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில், எங்கள் ஊர்க் கோபுரம் மாதிரியே நிறம் நிறமாக நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1994ல் குடமுழுக்குக் கண்டது. எங்கள் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் அதே 1994தான். ஆனால் அந்த மண்ணில் முருகனைக் கும்பிட்ட சனம் அதற்கு நெடுநாள் முந்தியது.

பிஜிக்காரர் வேலையிடத்தில் சொன்னதை அங்கே நின்று யோசித்தபோதுதான் விளங்கியது. 1879 தொடக்கம் 1916 வரை அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தை இந்தியாவில் இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றினார்கள். 1903ல் இருந்து சென்னைத் துறைமுகத்தாலும் கப்பல் போனது. கால்வாசிப் பேர் அப்படிப் போன தமிழர், தெலுங்கர், மலையாளத்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம். 'அக்கிரிமென்ற்' என்ற சொல் வாயில் திரிந்து 'கிர்மிட்' ஆனது. இன்னும் அந்தச் சந்ததியைக் கிர்மிட்டியர் என்றுதான் சொல்கிறார்கள். பத்து வருஷம் இருந்தால்தான் இலவசமாகத் திரும்பக் கப்பல். கரும்பு ஆலைகளில் பெரும் பங்கை வைத்திருந்தது யார் தெரியுமோ? சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட சீ.எஸ்.ஆர். என்ற சீனிக் கொம்பனி, 1973 வரையில். எங்கள் பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுது பாடியது இந்தப் பிஜியைத்தான். பள்ளிக்கூடத்தில் நானும் அதைப் பாடமாக்கியவன். பரீட்சையில் புள்ளி எடுத்தேன், பிஜி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஐந்து வருஷக் கடதாசி. எங்களுக்கும் ஐந்து வருஷக் கடதாசிதான் தந்தார்கள், ஷெவ் வீசா என்று. அவர்களைப் பிடித்து ஏற்றினார்கள், நாங்களாக ஏறினோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. என்றாலும் கோயில் வாசலில் பூ விற்ற அம்மா, தமிழில் 'வணக்கம்', 'தண்ணி', 'முருகா' என்ற மூன்று சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை ஹிந்தியில் கதைத்தபோது, மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளைப் பார்த்தாள். 1926ல் தொடங்கிய சங்கம் ஒன்று அங்கே நிறையப் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது, தமிழ்ப் பாடமும் உண்டு. அப்படி இருந்தும் வீட்டுக்குள் மொழி நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கு மூஞ்சையைச் சுழிக்காமல் போனார்கள் என்று எழுத ஆசைதான். போனார்கள், சுழித்துக்கொண்டுதான் போனார்கள்.

ஹொட்டேலில் இரவுச் சாப்பாடு முதல் நாளே கையைச் சுட்டது. நாலு பேருக்கு அங்கத்தைய காசில் 230. அப்போது எங்கள் டொலர் ஒன்றுக்கு அவர்களின் டொலர் ஒன்றரைக்குச் சற்றுக் குறைய வந்தது. கழித்தாலும் 155க்கு மேல், அதில் சின்னவன் தின்றது உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும். இரண்டாம் நாள் தொடக்கம் பஸ் பிடித்துச் சிங்கட்டோக்கா ஊருக்குப் போனோம். சந்தைக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் அந்தக் காசில் ஐந்தில் ஒரு பங்குக்கு. மரவள்ளி, பலாக்காய், கொச்சி மிளகாய் எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள். மனைவியின் கை தானாகவே மரவள்ளிக் கிழங்கை நசித்துப் பார்த்தது. "வைக்கவும்" என்றேன். வைத்துவிட்டாள். சுற்றுலாவுக்கென்று ஹொட்டேல்காரர் விற்ற 'கிராமம் பார்க்கப் போவது' என்பதை நாங்கள் வாங்கவில்லை. கிராமத்துச் சனத்தைக் காசு கட்டிப் போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எங்களையும் ஒரு காலத்தில் காம்ப் வேலியில் நின்று பார்த்தார்கள்.

மனைவி முதல் நாள் காலை ஒன்பதரை வரை நித்திரை. பயந்து போய் மூச்சு வருகிறதோ என்று பார்த்தேன். இரண்டாம் நாள் பத்து மணி. பதின்மூன்று வருஷத்தில் அவள் இப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் தானாக எழும்பி, கதிரையில் இருந்து, மச்சாளின் படத்தில் இருந்தது போலவே ஒன்றும் செய்யாமல் இருந்தாள். படம் எடுக்கவோ என்று கேட்டேன். "வேண்டாம், ஊரிலை பாத்தால் தங்கச்சியாக்கள் என்ன நினைக்குங்கள்" என்றாள். நாங்கள் ஒரு படமும் வெளியில் போடவில்லை. சரியோ பிழையோ, எங்கள் நிலைமை அது.

அங்கே கரையில் இருந்து பார்த்தால் அலை தூரத்தில் பவளப் பாறையில் உடைகிறது, உள்ளே தண்ணி குளம் மாதிரிக் கிடக்கிறது. வற்று நேரம் முழங்கால் அளவு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நீந்தப் பழகியவர்கள், ஓடி இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. ஒரு சமுத்திரத்தைத் தாண்டி வந்த எனக்கு நீந்தத் தெரியாது. படகில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. நாலாம் நாள் மூத்தவள் என்னை ஹொட்டேல் குளத்துக்குள் நெஞ்சளவு தண்ணிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, தலையைப் பின்னுக்குச் சாயுங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்றாள். பத்து வயதுப் பிள்ளையின் இரண்டு கையில் நான் மிதந்தேன். எத்தனை செக்கன் என்று தெரியாது. மனைவி கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

அன்று பின்னேரம் சின்னவன் தூரத்தில் போன ஒரு படகைக் காட்டி, "நீங்கள் வந்த படகு உவ்வளவு பெரிசோ?" என்று கேட்டான். அவனுக்கு ஏழு வயது. வீட்டில் நாங்கள் அந்தக் கதையை எடுப்பதே இல்லை. நேரமும் இல்லை: நான் வர அவள் போவாள், அவள் வர நான் போவேன். அங்கே ஒருவருக்கும் போக இடமில்லை. "இல்லையடா, அதிலை பாதி" என்றேன். "எத்தினை பேர்?" "எழுபத்தி இரண்டு." "எத்தினை நாள்?" "பத்தொன்பது." யோசித்துவிட்டுக் கேட்டான்: "அதிலை பஃபே இருந்ததோ?" மனைவி சிரித்த சிரிப்பு அந்தக் கரை முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: ஒரு நாளைக்கு ஒரு கைபிடி சோறு, சீனித் தண்ணி, பிறகு சீனியும் முடிந்தது, இரவில் அப்பா தன்னுடைய சேட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினார். நான் மறந்துபோன விஷயங்கள். இருட்டும் வரை கேட்டார்கள்.

ஆகவே அந்த அக்காவுக்கு என் பதில். படகு ஏறிப் போகிற சின்னத் தீவுக்கு 7,800 என்றால் நான் வேண்டாம் என்பேன். ஐந்து கிழமைச் சம்பளத்தில் போய் வந்தது பற்றி எனக்குக் கவலை இல்லை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏலாது. 2026ல் அம்மாவைத் திரும்பப் பார்க்க வேண்டும், அவவுக்கு எழுபத்தி ஒன்று. இந்த முறை வளசரவாக்கத்தில் சமைக்க ஆள் வைக்கிறதென்று முடிவு, அந்தக் காசும் இப்போதே கணக்கில் ஏறிவிட்டது. உங்கள் மகள் தீவு கேட்டால், தீவில் என்ன வேண்டுமென்று கேளுங்கள். நீங்களும் ஒன்று எழுதுங்கள் அக்கா, மறக்காமல். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் புயல் காலம். அப்போதுதான் மலிவாகத் தருவார்கள், விளங்கிக்கொண்டு வாங்குங்கள். பயணக் காப்புறுதி இல்லாமல் போகவேண்டாம், நுளம்புக்குப் பூசுகிற மருந்து இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

திரும்பி வந்த அன்று அதே சிநேகிதன் ருல்லமரீனில் நின்றான். ஊர்ப் பழக்கம், ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டான்: ரொட்டி என்ன விலை, பஸ் என்ன விலை, அறை என்ன விலை. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஈஸ்ட்லிங்கில் ஏறும்போது பின்னால் திரும்பாமல் பிள்ளைகளிடம், "அங்கத்தைக் கடல் என்ன நிறம்?" என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். வீடு வந்து சேரும் வரை முடியவில்லை.

அடுத்த இதழில் கஷுவலில் இருந்து நிரந்தரத்துக்கு மாறும்படி கேட்பது எப்படி என்று எழுதுகிறேன்.